'சாரி' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது?

ஆங்கிலக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதித் தரும் வேலை வந்தது. அரைப் பக்கம்தான். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எழுதியது. அதில் 'சாரி' மூன்று முறை வந்தது. உங்கள் தந்தை இறந்ததைக் கேட்டு சாரி. பதில் எழுதத் தாமதமானதற்கு சாரி. நீங்கள் கேட்ட கட்டணச் சலுகையைத் தர முடியாது, சாரி. முதல் வரைவில் மூன்று இடத்திலும் 'மன்னிக்கவும்' என்றே போட்டேன். திரும்பப் படித்தபோது முதல் வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. 'தங்கள் தந்தையார் காலமானதற்கு மன்னிக்கவும்.' அந்த மனிதரின் சாவுக்கு நிறுவனமே காரணம் என்பதுபோல் இருந்தது.

அகராதியைப் பார்த்தால் மன்னிக்கவும், வருந்துகிறேன், பரிதாபமான என்று எல்லாம் இருக்கின்றன. எதை எங்கே எடுப்பது என்பதுதான் இல்லை. அந்த அரைப் பக்கத்துக்காக நான் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டுமில்லை, மனத்துக்குள் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழில் பேசும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தினமும் வருகிறது.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, புண். இன்றைய ஆங்கிலத்தில் தொண்டை வலிக்கும் தசை வலிக்கும் சொல்லும் 'சோர்' அதே சொல்தான். அந்த வலி நிறைந்த நிலையில் இருப்பவர் 'சாரி'. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' இதற்கு உடன்பிறப்பு போலத் தெரியும், ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்தது. பொருளும் ஒலியும் நெருங்கியிருந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஜெர்மன் மொழியில் 'மிகவும்' என்று பொருள்படும் 'ஸேர்' கூட இந்தக் குடும்பம்தான். ஒரு காலத்தில் அதற்கு 'வலிக்கும்படி' என்று பொருள்.

ஆக, 'ஐ ஆம் சாரி' என்பதன் அடியில் இருப்பது 'எனக்கு வலிக்கிறது' என்ற செய்தி. அதில் எழுவாய் நான். எதிரில் இருப்பவரிடம் அது எதையும் கேட்கவில்லை. 'மன்னிக்கவும்' அப்படி இல்லை. அங்கே செயலைச் செய்ய வேண்டியவர் நீங்கள். தவறு என்னுடையது, வேலை உங்களுக்கு! ஆங்கிலச் சொல் பேசுபவரின் நிலையைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் கேட்பவரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தேர்வு செய்யும்போது நான் இப்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இங்கே தவறு என்று ஏதாவது நடந்ததா? நடந்திருந்தால் அது என்னுடையதா?

மன்னிப்பா, வருத்தமா

பெரிய தேர்வு இதுதான். தவறு நடந்தது, அது என்னுடையது என்றால் மன்னிப்பு. தவறு இல்லை, அல்லது இருந்தும் அது என்னுடையது இல்லை என்றால் வருத்தம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தின் 'சாரி' இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளும். அந்த வசதிக்காகவே சில இடங்களில் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேலே ஓர் அமெரிக்க உளவு விமானமும் ஒரு சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி உயிரிழந்தார். அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் ஹைனான் தீவில் தரையிறங்கியது. அதிலிருந்த 24 பேரைச் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. அமெரிக்கா மன்னிப்பு கேட்க வேண்டும் என்றது சீனா, அமெரிக்கா மறுத்தது. 11 நாள் இழுபறிக்குப் பின் அமெரிக்கத் தூதர் எழுதிய கடிதத்தில் 'வெரி சாரி' என்ற சொற்கள் இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று விமானியின் சாவுக்கு, இன்னொன்று அனுமதியில்லாமல் நுழைந்து இறங்கியதற்கு. சீனா அதை மன்னிப்பு என்று தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. அமெரிக்கா அது மன்னிப்பு இல்லை என்று தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. 24 பேரும் வீடு திரும்பினார்கள். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத வேண்டியிருந்தால் நாம் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். 'மிகவும் வருந்துகிறோம்' என்றால் அமெரிக்கா சொன்னது சரி. 'மன்னிக்கும்படி வேண்டுகிறோம்' என்றால் சீனா சொன்னது சரி. நடுவில் நிற்க நம்மிடம் சொல் இல்லை.

இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. பல இடங்களில் தமிழ்தான் தெளிவாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் தெரசா மே ஜாலியன்வாலா பாக் படுகொலையைப் பற்றிப் பேசினார். நூறாவது ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு. அவர் எடுத்த சொல் 'ரிக்ரெட்'. தமிழில் அது 'வருத்தம் தெரிவித்தார்' என்றே வரும், வர வேண்டும். அதையே 'மன்னிப்பு கேட்டார்' என்று மொழிபெயர்த்தால் அவர் செய்யாத ஒன்றை அவர் பெயரில் எழுதுவதாகும். வருத்தம் தெரிவித்தல், மன்னிப்பு கேட்டல் என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைத் தமிழ் படிக்கிற யாரும் ஒரு நொடியில் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் 'சாரி' எப்போதும் நழுவுகிற சொல் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பல பத்தாண்டுகள் அரசு பிரித்தெடுத்தது. 1997ல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 1998 மே 26 அன்று முதல் 'தேசிய சாரி நாள்' கடைப்பிடிக்கப்பட்டது. 1999ல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த 'ரிக்ரெட்' இருந்தது, 'சாரி' இல்லை. அந்தச் சொல்லைச் சொல்ல அவர் கடைசிவரை மறுத்தார். 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் எழுந்து 'வி சே சாரி' என்று மூன்று முறை சொன்னார். அந்த நாட்டில் அந்த நாளில் அந்தச் சின்னச் சொல்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அங்கே 'வருந்துகிறோம்' என்று மொழிபெயர்த்தால் ஹோவர்டுக்கும் ரட்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். 'மன்னிப்புக் கேட்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும். ஒரே சொல், ஓர் இடத்தில் வருத்தம், இன்னோர் இடத்தில் மன்னிப்பு. அகராதியில் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. யார், எதற்காக, யாரிடம் சொன்னார்கள் என்பதில்தான் கிடைக்கும்.

'சாரி' சொன்னாலே தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் ஆங்கிலம் பேசும் நாடுகளில் சட்டம் வரைக்கும் போயிருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006ல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒன்டாரியோ 2009ல். ஒருவர் மன்னிப்பு கேட்டதை வைத்தே உரிமையியல் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். சிகிச்சை பலிக்காதபோது மருத்துவர் நோயாளியின் குடும்பத்திடம் மனிதராக நின்று இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

புண்பட்டிருந்தால்

தமிழில் மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் நடுவில் சொல் இல்லை என்றேன். சொல் இல்லை, ஆனால் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'என் பேச்சு யாருடைய மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.'

ஆங்கிலத்தில் இதற்கு நேர் ஒத்தது 'ஐ ஆம் சாரி இஃப்' என்று தொடங்கும் அறிக்கைகள். இரண்டு மொழியிலும் இதை ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'இருந்தால்' என்ற சொல்லில் தவறே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. 'யாருடையதாவது' என்பதில் காயப்பட்டவர் முகம் இல்லாதவராகிவிடுகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலச் சொல்லின் வேரில் இருக்கும் புண் சொல்பவருடையது. தமிழ் வாக்கியத்தில் புண் கேட்பவருடையது. உங்கள் மனம் மென்மையானது, அதனால் புண்பட்டுவிட்டது என்பது போன்ற ஒரு தொனி அதற்குள் வந்துவிடுகிறது. இந்த வாக்கியத்தை எந்தச் சூழலிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 'நான் பேசியது தவறு' என்று சொல்ல மனம் வரவில்லை என்றால் பேசாமல் இருப்பதுகூட மேல். மொழிபெயர்ப்பில் மட்டும் விதிவிலக்கு. மூலத்தில் 'இஃப்' இருந்தால் தமிழிலும் 'இருந்தால்' இருந்தே ஆக வேண்டும். அதை நீக்கிவிட்டு நல்ல மன்னிப்பாக மாற்றித் தருவது நம் வேலை இல்லை.

வீட்டுக்குள், நண்பர்களுக்குள்

வெளியே மன்னிப்பா வருத்தமா என்று ஆராய்கிறோம். நெருங்கியவர்களிடம் இரண்டுமே அன்னியமாக ஒலிக்கின்றன. 'மன்னிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகையின் தமிழ். அதில் எதிரில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது. 'மன்னிச்சிடுங்க', 'மன்னிச்சிடு' என்று சொன்னால் எதிரில் ஒரு முகம் வந்துவிடுகிறது, ஆனால் எடை கூடிவிடுகிறது. காலில் விழுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் சொல் அது. தட்டில் உப்பு அதிகமானதற்கு யாரும் 'மன்னிச்சிடு' என்பதில்லை.

'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று இன்னொன்று இருக்கிறது. 'பிழை பொறுத்தருள்க' என்று இறைவனிடம் கேட்ட சொல்தான். பேச்சில் இப்போது அது தாங்கிக்கொள்ளுங்கள், காத்திருங்கள் என்ற பக்கம் நகர்ந்துவிட்டது. தொல்லை இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது என்ற இடத்தில் இது அருமையாகப் பொருந்தும். வீட்டில் வேலை நடக்கிறது, இரண்டு நாள் சத்தமாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன தவறுக்கு இதைப் போட்டால் ஒட்டாது.

அப்புறம் 'சாரி'யே இருக்கிறது. இரண்டு எழுத்து. தமிழில் அது அன்னியச் சொல்லாக இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அதைத் தவிர்க்க வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. தோள் இடித்துவிட்டது, தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டேன், ஐந்து நிமிடம் தாமதம் என்றால் 'சாரி' போதும், அதுதான் பொருத்தமும்கூட. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தமிழுக்குள் வந்த 'சாரி' ஆங்கிலத்தின் முழுச் 'சாரி' இல்லை. சாவு வீட்டில் தமிழ் பேசும்போது யாரும் 'சாரி' என்பதில்லை. நமக்கு அது சிறு தவறுகளுக்கான சில்லறை. பெரிய தவறுக்கு அதை நீட்டினால் கோபம்தான் கூடும். 'அதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் என்ன?' என்று ஒருவர் கேட்கும் இடத்தில் அந்தச் சொல் ரசீதாக மாறிவிட்டது. கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்கிறார். கேட்டவருக்கோ இன்னும் வலிக்கிறது.

அப்படியானால் பெரிய தவறுக்கு என்ன? என் தேர்வு மன்னிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை, சாரியும் இல்லை. 'நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.' இந்த 'இருக்கக் கூடாது' தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிக நேர்மையான அமைப்பு. இதைச் சொல்ல வேண்டுமென்றால் செய்ததைப் பெயர் சொல்லியே ஆக வேண்டும். 'எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டியிருக்கக் கூடாது.' 'உங்களைக் கேட்காமல் அந்தப் பணத்தை எடுத்திருக்கக் கூடாது.' எழுவாய் நான், தவறு வெளிப்படை, எதிரில் இருப்பவரிடம் உடனே எதையும் கேட்கவில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது அவருடைய நேரம், அவருடைய விருப்பம். 'எனக்கு வலிக்கிறது' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய உள்ளத்துக்குத் தமிழில் மிக அருகில் வருவது இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தையிடம் மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டுபோகத் தயங்கும் பெற்றோரால்கூட 'அப்பா உன்மேல கத்தியிருக்கக் கூடாதுடா' என்று சொல்ல முடியும். சொன்னால் அந்தக் குழந்தைக்குப் புரியும்.

தவறே இல்லாத சாரிகள்

ஆங்கிலத்தில் ஒரு நாளில் காதில் விழும் சாரிகளில் பல தவறோடு தொடர்பே இல்லாதவை. இவற்றை மொழிபெயர்க்கவே கூடாது, அந்த இடத்தில் தமிழர் என்ன சொல்வாரோ அதைப் போட வேண்டும். காதில் விழவில்லை என்றால் ஆங்கிலேயர் 'சாரி?' என்பார், நாம் 'என்ன சொன்னீங்க?' என்போம். கூட்டத்தில் நகர வேண்டுமென்றால் 'கொஞ்சம் வழி விடுங்க'. செவ்வாய் என்று சொல்லிவிட்டுப் புதன் என்று திருத்தும் சாரிக்கு 'இல்லையில்லை, புதன்'. எச்சரிக்கையாக வரும் சாரிக்கு 'அப்புறம் வருத்தப்படுவாய்'. ஒருவர்மேல் சாரியாக உணர்ந்தால் 'பாவம்' என்ற ஒரே சொல். பாழடைந்து கிடக்கும் ஒன்றைப் பார்த்து ஆங்கிலத்தில் சாரியான காட்சி என்றால் நமக்குப் 'பரிதாபம்'.

மறுப்பது மட்டும் கொஞ்சம் கடினம். 'சாரி, முடியாது' என்பதற்கு 'மன்னிக்கவும், முடியாது' என்று எழுதினால் கதவை முகத்தில் சாத்துவது போலிருக்கிறது. பேச்சில் நாம் இதை எப்படிச் சொல்கிறோம் என்று கவனித்தேன். 'இல்லையே.' 'முடியாதே.' 'தீர்ந்துபோச்சே.' கடைசியில் வரும் அந்த 'ஏ' இருக்கிறதே, அதுதான் நம் 'சாரி'. 'இல்லை' என்பது தகவல். 'இல்லையே' என்பதில் உங்களுக்குக் கொடுக்க முடியவில்லை என்ற குறை எனக்கும் இருக்கிறது என்பது கலந்திருக்கிறது. ஓர் எழுத்தில் இவ்வளவு. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தேர்வு வேறு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரைத் தொந்தரவு செய்யப்போகிறோம் என்றால் முன்கூட்டியே 'எக்ஸ்க்யூஸ் மீ', செய்துவிட்ட பிறகு 'சாரி'. எழுத்தில் தவறை ஏற்றுக்கொள்ள 'அபாலஜைஸ்'. இது வினைச்சொல் என்பதால் சொல்வதே செய்வதாகிவிடும், தப்பிக்க இடம் குறைவு. இத்தனைக்கும் அதன் கிரேக்க மூலமான 'அபொலொகியா'வுக்குத் தற்காப்புப் பேச்சு என்று பொருள். சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் தன் பக்கத்தைப் பேசியது அந்தப் பெயரில்தான் வழங்குகிறது, அதில் அவர் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. 'ரிக்ரெட்' அலுவலகங்களின் சொல், தனி மனிதர் எழுதினால் குளிர்ந்திருக்கும். 'மன்னிச்சிடுங்க, லேட் ஆயிடுச்சு' என்பதற்கு 'ஃபர்கிவ் மீ' போடாதீர்கள். அது பெரிய பாவத்துக்கான சொல். 'சாரி' போதும்.

கடிதத்துக்கு வருகிறேன். முதல் சாரிக்கு 'தங்கள் தந்தையார் மறைந்த செய்தி அறிந்து மிகவும் வருந்தினோம்' என்று எழுதினேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருக்கலாம், ஆனால் அது அச்சடித்த சொல்லாகிவிட்டது. இரண்டாவதில் தவறு அவர்களுடையது, அதனால் வருந்தி நழுவ விடாமல் 'தாமதமாகப் பதில் எழுதுகிறோம், இது எங்கள் தவறு, மன்னிக்க வேண்டுகிறோம்' என்றேன். மூலத்தைவிட ஒரு சொல் கூடிவிட்டதோ என்று நிறுவனத்தாரிடம் கேட்டேன். தாமதம் தங்களுடையதுதான், இருக்கட்டும் என்றார்கள். மூன்றாவதற்கு 'இல்லையே' என்று அலுவல் கடிதத்தில் எழுத முடியாது. 'கட்டணச் சலுகை தர எங்கள் விதிகளில் இடமில்லாமல் இருக்கிறது' என்று எழுதினேன். 'இடமில்லை' என்று முடிக்காமல் 'இல்லாமல் இருக்கிறது' என்று நீட்டியதில் அந்த 'ஏ' கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அந்த வரியில் 'மன்னிக்கவும்' போடவில்லை.